ஏழாம் எண் சாலையில் அய்யா

1

போன வாரம் வியாழக்கிழமையோடு அய்யா செத்து ஒரு வருடம் முடிந்தது. அன்றைக்கும் எனக்கு வேலை. கணவாயில் பனி விழும் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். காலையிலேயே உப்பு வண்டியில் ஏறிவிட்டேன். பனி இறுகிச் சறுக்காமலிருக்க மலைச்சாலையில் உப்பைத் தூவிக்கொண்டே போகும் வண்டி அது. பாதி ஏற்றத்தில் ஊரிலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள்.

"அண்ணே, சாமி கும்பிட்டாச்சு. நூறு பேருக்கு மேல சாப்பிட்டாக. எல்லாரும் ஒங்களைத்தான் கேட்டாக. என்ன சத்தம் அது? ஆபீஸ்லயா இருக்கீக?"

"ஆமா" என்றேன்.

என் இடுப்பு வரை உப்புத்தூள் படிந்திருந்தது. இருபத்தோரு வருடங்களுக்கு முன்னால் அய்யாவிடம் சொன்ன அதே 'ஆமா'வைத்தான் அவருடைய முதல் நினைவு நாளிலும் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். திருச்சுழிப் பக்கத்து ஆட்கள் யாராவது படித்தால், நான் யாரென்று உடனே தெரிந்துவிடும். தெரியட்டும்.

2

அய்யா பெயர் கருப்பையா. பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடி போகிற ரோட்டில் கேங் கூலியாக இருந்தவர். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொதிக்கும் தாரைச் சட்டியில் தூக்கி ஊற்றுவது, ஜல்லி பரப்புவது, மழைக்கு முன்னால் ஓரத்து மண்ணை வெட்டிச் சரிசெய்வது, மைல்கல்லுக்கு வெள்ளையடிப்பது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கல்லில் அழிந்துபோன எண்ணின் தடத்தைப் பிடித்துக்கொண்டு கறுப்புப் பெயின்டால் அச்சாக இழுத்துவிடுவார். அவரோடு அதே கேங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் சோணைமுத்து மாமா. சொந்தமில்லை, மாமா என்று கூப்பிட்டுப் பழக்கம்.

வேலையை மேற்பார்க்க ஜீப்பில் ஓவர்சியர் வருவார். அவருக்குக் குடை பிடிக்க ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் வராத நாட்களில் அய்யா பிடிப்பார். தன் மகன் அந்தக் குடைக்குக் கீழே நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்காகவே என்னைச் சிவில் டிப்ளமோ படிக்கவைத்தார்.

அரசாங்க வேலை கிடைக்கவில்லை. கட்டட வேலைக்குப் புதுச்சேரி போனேன். அங்கே செல்வியைக் கட்டிக்கொண்டேன். அவள் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், அதனால் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. இப்படித்தான் நான் பிரான்சுக்கு வந்தேன். நடுப் பிரான்சின் மலையடிவாரத்தில் ரோவான் என்ற நகரம். அதற்கு வெளியே இரண்டு அறை வீடு. செல்வி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். மகள் கயல் இங்கேயே பிறந்தவள்.

வந்ததும் டிப்ளமோவை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். முதலில் மொழிபெயர்ப்பு கேட்டார்கள். பிறகு, நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் செய்த மொழிபெயர்ப்பு கேட்டார்கள். பிறகு, ஒவ்வொரு பாடத்தையும் எத்தனை மணி நேரம் படித்தேன் என்று கல்லூரியிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். நான் படித்த பாலிடெக்னிக்கை அதற்குள் மூடிவிட்டு, அந்தக் கட்டடத்தில் கல்யாண மண்டபம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னேன். கவுன்டரில் இருந்த அம்மாள் மிகவும் மரியாதையானவர். "அப்படியானால் அந்தக் கல்லூரி இருந்தது என்பதற்காவது ஏதாவது அத்தாட்சி உண்டா, ஐயா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கோப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

சாலைப் பராமரிப்பை ஒப்பந்தம் எடுத்திருந்த ஒரு நிறுவனத்தில் கூலியாளாகச் சேர்ந்தேன். ஆரஞ்சு நிறச் சட்டை, மண்வாரி, புல் வெட்டும் மெஷின். அன்றைக்கு அய்யாவுக்குப் போன் போட்டேன். பந்தல்குடி எஸ்.டி.டி. பூத்தில் காத்திருந்தார்.

"வேலை கிடைச்சிருச்சுய்யா. ரோட்டு வேலை."

"ரோடா? நீ படிச்ச படிப்புக்கே குடுத்துட்டானா? ஆபீசராவா?"

பின்னால் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"ஆமா" என்றேன்.

3

நான் வேலை பார்க்கும் சாலைக்கு எண் ஏழு. பாரிசில் தொடங்கித் தெற்கே இத்தாலி எல்லை வரை போகிற பழைய பெருவழி. எக்ஸ்பிரஸ் சாலை வருவதற்கு முன்னால், கோடை விடுமுறைக்குப் பாதி நாடு இதில்தான் கடலுக்குப் போகுமாம். இப்போது சில மாவட்டங்களில் அதன் எண்ணையே மாற்றிவிட்டார்கள். கிழவர்கள் மட்டும் இன்னும் ஏழு என்றே சொல்கிறார்கள்.

ரோவானைத் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்கும். பேன்-பூஷேன் என்ற கணவாயைக் கடந்து, அந்தப் பக்கம் தரார் என்ற நெசவு நகரத்தில் இறங்கும். குதிரை வண்டிக் காலத்தில் இந்த ஏற்றத்துக்குக் கூடுதலாகக் குதிரை பூட்டுவார்கள் என்று சொல்வார்கள். வழியெல்லாம் மூடிப்போன சத்திரங்கள். சுவர்களில் பாதி உதிர்ந்த பெயின்ட் விளம்பரங்கள். ஊர்களில் சன்னல் கதவு திறந்து நான் பார்த்தது குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் அந்தக் காலத்துத் தொப்பி போட்டுக்கொண்டு இந்தச் சாலையில் ஊர்கோலம் போவார்கள். எங்களைப் பார்த்துக் கையாட்டுவார்கள். சாலை அழகாக இருக்கிறதாம். அதன் ஓரத்தில் அவர்கள் வீசிவிட்டுப் போவதைத் திங்கட்கிழமை நாங்கள் பொறுக்குவோம்.

இந்தச் சாலையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வந்த புதிதில், சாலையோர மண்விளிம்பை வெட்டிச் சரிசெய்துவிட்டு மேஸ்திரியிடம் போய், "இடது பக்கம் முடித்துவிட்டேன்" என்று பிரெஞ்சில் சொன்னேன். விளிம்புக்கு 'அக்கோத்மான்' என்று சொல்ல வேண்டும். நான் 'அக்கூஷ்மான்' என்றேன். அதற்குப் பிரசவம் என்று அர்த்தம். இடது பக்கம் பிரசவத்தை முடித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். பதினான்கு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் 'சாஜ்-ஃபாம்', அதாவது மருத்துவச்சி. முருகேசன் என்ற என் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. பட்டப்பெயர் வைத்தவன் திதியே. கெட்டவன் இல்லை. இருபது வருடமாக என் பக்கத்தில் நின்று மண் அள்ளுகிறவன்.

4

அம்மா இறந்த பிறகு அய்யாவை ஒருமுறையாவது இங்கே கூட்டிவர நினைத்தேன். உண்மையைச் சொன்னால், செல்விதான் நினைத்தாள். எனக்குப் பயம். ஆனாலும் விண்ணப்பித்தேன். இரண்டு முறை மறுத்தார்கள். காகிதத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் குறி போட்டிருந்தது: விண்ணப்பதாரர் திரும்பிப் போவார் என்பது ஐயத்துக்குரியது.

அய்யாவிடம் சொன்னபோது சிரித்தார். "நான் ஏன்டா அங்கன இருக்கப்போறேன்? ஆட்டை எவன் பாப்பான்?"

மூன்றாவது முறை தொண்ணூறு நாளுக்கு விசா கொடுத்தார்கள். போன வருடம் ஜூன் மாதம் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வேட்டி, புது ஷூ. கயலுக்குப் பதினாறு வயது. அவளுக்குத் தமிழ் காதில் விழும், வாயில் வராது. தாத்தாவும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே நாட்களை ஓட்டினார்கள்.

காலையில் நான் இஸ்திரி போட்ட சட்டையோடு வீட்டைவிட்டுக் கிளம்புவேன். டிப்போவில் ஆரஞ்சுச் சட்டைக்கு மாறுவேன். சாயங்காலம் குளித்துவிட்டு மறுபடி இஸ்திரிச் சட்டையில் வீடு திரும்புவேன். செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். "சொல்லித் தொலைச்சிடுங்களேன்" என்றாள். நாளைக்கு என்றேன்.

அய்யா தினமும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "நீ பாக்குற ரோட்டைக் காட்டேன்டா."

பத்து நாள் தள்ளிப் போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சரி என்றேன். ஞாயிறு எங்கள் ஆட்கள் யாரும் சாலையில் இருக்க மாட்டார்கள். கயலும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

5

அய்யா முன்னால் உட்கார்ந்தார். எத்தனையோ பேர் இந்தச் சாலையில் மலையைப் பார்க்க வருகிறார்கள். அய்யா மலையைப் பார்க்கவே இல்லை. சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஓரம் எங்கே அரித்திருக்கிறது, வளைவில் வெளிப்பக்கம் எவ்வளவு தூக்கிக் கட்டியிருக்கிறது.

"வளைவை நல்லாத் தூக்கி வச்சிருக்கீக" என்றார். 'வச்சிருக்கீக' என்ற மரியாதை எனக்கு. என்னை அவர் வாழ்நாளில் அப்படிச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

சாலையோரத்துப் பழைய கிலோமீட்டர் கல்லைக் கண்டதும் நிறுத்தச் சொன்னார். தலையில் சிவப்பு, உடம்பில் வெள்ளை, நடுவே ஏழு. குனிந்து அந்த எண்ணைத் தடவினார். "கை நடுங்கியிருக்கு இதை எழுதுனவனுக்கு" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "இந்த ரோட்டை யாரு போட்டது?" என்று கேட்டார்.

அரசர்கள் தொடங்கி, பின்னால் ஒரு பேரரசர் அகலப்படுத்தினார் என்று பலகைகளில் படித்ததைச் சொன்னேன்.

"அவுகளா சட்டி தூக்குனாக?" என்றார்.

அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. சொல்லிவிடலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. கணவாய் உச்சியில் வண்டியை நிறுத்திச் சொல்லிவிடலாம் என்று முடிவும் செய்தேன். உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது சிவப்புப் பலகை தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அடித்த புயலில் மரம் சாய்ந்து ஓரத்து மண் சரிந்திருக்கிறது. அந்த ஞாயிறு வர முடியாது என்று சொல்லியிருந்த என்னை விட்டுவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பக்கச் சாலையை அடைத்து ஆறு பேர் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். வண்டிகளை நிறுத்தும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் திதியே.

"ஏய், சாஜ்-ஃபாம்!" என்று மலையே கேட்கக் கத்தினான். "ஞாயிற்றுக்கிழமைகூட இந்தச் சாலையை விட்டு இருக்க முடியலையா உனக்கு? வா, ஒரு மண்வாரி சும்மா கிடக்கு!"

மற்றவர்களும் கையைத் தூக்கிக் கூவினார்கள். திதியே சன்னலருகே வந்து குனிந்தான். அய்யாவைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை நீட்டினான். "உங்கள் அப்பாவா? ஐயா, உங்கள் மகன் எங்களில் ரொம்ப நல்ல ஆள். இருபது வருடம் என் பக்கத்தில் நின்று மண் அள்ளுகிறான். ஒரு நாள் முனகியது கிடையாது."

அய்யா அவன் கையைப் பிடித்தபடியே என்னிடம் கேட்டார். "என்ன சொல்றாரு?"

"வணக்கம் சொல்றாருய்யா."

பின்னாலிருந்து கயல், "இல்ல" என்றாள். தாத்தாவுக்கு மொழிபெயர்க்கும் வாய்ப்பு அவளுக்கு முதன்முதலாகக் கிடைத்திருக்கிறது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தாத்தா, அவர் அப்பா கூட வேலை. அப்பா நல்ல வேலை. அப்பா ரோட்ல..." என்று இழுத்தாள். மண் அள்ளுவதற்குத் தமிழில் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளாலும் மண்வாரியைப் பிடிப்பது போலப் பிடித்து, குத்தி, அள்ளி, தோளுக்கு மேல் வீசிக் காட்டினாள்.

அய்யாவுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது.

திதியேயின் கையை மெதுவாக விட்டார். மண் அள்ளுகிறவர்களைப் பார்த்தார். அவர்கள் காலில் இருந்த பூட்ஸைப் பார்த்தார். திதியே பலகையைப் பச்சைப் பக்கம் திருப்பினான். வண்டியை எடுத்தேன்.

6

தரார் வரும்வரை இறக்கம். அய்யா சாலையைப் பார்க்கவே இல்லை. சந்தைத் திடலில் வண்டியை நிறுத்தினேன். கயல் எதுவோ தவறாகிவிட்டது என்று புரிந்து, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

"எத்தனை வருசமா?" என்றார் அய்யா.

"வந்ததுல இருந்துங்கய்யா."

"ஒருநாளுகூட ஆபீசரா இல்லையா?"

"இல்ல."

"அப்ப நான் ஒன்னைய எதுக்குடா படிக்க வச்சேன்? மம்பட்டி பிடிக்க என் கேங்குலயே எடம் இருந்துச்சே. இதுக்கா கடலைத் தாண்டுன?"

"இங்க இது கேவலமான வேலை இல்லய்யா. பூட்ஸு குடுக்குறாக, லீவு குடுக்குறாக..."

"கேவலமில்லைன்னா ஏன்டா மறைச்ச?"

நான் கையிலிருந்த வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு ராத்திரி அழுதுட்டு விட்டுருப்பேன்" என்றார். குரல் உயரவில்லை. "இருவது வருசமா ஊருக்கு நடுவுல என்னைய நிக்க வச்சுப் பேச விட்டியே. டீக்கடையில, எழவு வீட்டுல, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவன்கிட்டகூடச் சொல்லியிருக்கேனே."

வீட்டுக்கு எக்ஸ்பிரஸ் சாலை வழியாகத் திரும்பினோம். பதினாறாவது நாள் விமானம் ஏறினார். திரும்பிப் போக மாட்டார் என்று சந்தேகப்பட்டவர்கள் கொடுத்த விசாவில் இன்னும் எழுபத்து நான்கு நாள் மிச்சமிருந்தது. விமான நிலையத்தில் உள்ளே போகும்போது கயலின் தலையைத் தொட்டார். என்னிடம், "வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் கயல் கேட்டாள், பிரெஞ்சில்: "அப்பா, உங்களுக்கு உங்கள் வேலையில் வெட்கமா? அப்படியானால் திதியேயைப் பார்த்தாலும் வெட்கமா? நான் பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில் எல்லா வருடமும் அதைத்தான் எழுதியிருக்கிறேன்." அவளை நான் ஏதோ சொல்லி அதட்டினேன். அதிலிருந்து வீட்டில் அவள் தமிழில் ஒரு வார்த்தைகூட முயற்சி செய்வதில்லை.

7

டிசம்பரில் அய்யா போய்விட்டார். மாரடைப்பு. தங்கச்சி ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து வைத்திருந்தாள். மதுரையில் இறங்கி, அருப்புக்கோட்டை வழியாகக் கார் பிடித்து, மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன்.

பந்தல்குடியிலேயே கண்ணீர் அஞ்சலித் தட்டி கட்டியிருந்தார்கள். அய்யா படத்துக்குக் கீழே என் படம். அதற்குக் கீழே, 'நெடுஞ்சாலைத் துறை உயர் அதிகாரி, பிரான்சு'.

தங்கச்சியை உள்ளே கூப்பிட்டு, "யாரு இதை எழுதச் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஏண்ணே, தப்பா? அய்யாதான் ஊரு பூராம் சொல்லிக்கிட்டிருந்தாகளே. அங்க போயிட்டு வந்ததுக்கப்புறம் இன்னும் அதிகமா. மலை மேல ஒங்க வண்டி போனா, வேலை பாக்குற வெள்ளைக்காரனெல்லாம் கையைத் தூக்கிக் கும்புடுறான்னு சொன்னாக. ஒருத்தன் கையுறையைக் கழட்டிட்டு வந்து கை குடுத்தான்னாக."

வெளியே வந்தேன். பந்தலில் அய்யாவின் பழைய கேங் ஆட்கள் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தோளில் கிடந்த துண்டு ஒவ்வொருவருக்கும் கைக்கு வந்துவிட்டது. உட்காருங்கள் என்று கெஞ்சினேன். நான் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து திரும்பும்போது சோணைமுத்து மாமா என்னோடு நடந்து வந்தார். கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதை. கண் சரியாகத் தெரியவில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்தடி நடந்ததும் நின்றார். என் உள்ளங்கையைத் திருப்பி, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அடுத்த கையையும் வாங்கிப் பார்த்தார்.

"மம்பட்டி பிடிக்கிற கைதானய்யா இது?" என்றார்.

"ஆமா மாமா." இந்த முறை சொன்ன 'ஆமா' மட்டும்தான் உண்மை.

"கருப்பையாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். வந்தப்ப நேர்லயே பாத்துட்டாக."

மாமா என் கையை விடாமல் அங்கேயே நின்றார். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போங்கள் என்று கையைக் காட்டினார்.

"அப்ப அதான் எங்க மொகத்தைப் பாக்க மாட்டாம இருந்தான்" என்றார். "அங்கிட்டிருந்து வந்தவன் எங்ககூட உக்காரவே இல்லய்யா. தெனம் சாயங்காலம் பாலத்துல உக்காந்து பேசுவோம், முப்பது வருசப் பழக்கம். வந்ததுல இருந்து அந்தப் பக்கமே வரல. எதுக்க வந்தா ஆட்டை ஓட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள எறங்கிருவான். ஊருக்குள்ள அத்தனை பேருகிட்டயும் ஒன் பெருமை பேசுவான், எங்களைக் கண்டா மட்டும் ஒதுங்கிருவான். மகன் பெரிய ஆபீசரு, அங்க போயிப் பாத்துட்டு வந்துட்டான், இனிமே கூலிக்காரன்கூட உக்காருவானான்னு நாங்களும் நெனச்சோம். ஆறு மாசம். ஏன்டா கருப்பையான்னு ஒரு பயலும் போயிக் கேக்கல. நானும் கேக்கல."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கையை விட்டுவிட்டு, கண் சரியாகத் தெரியாமலேயே அந்தப் பாதையில் எனக்கு முன்னால் தனியாக நடந்து போனார்.